கவ்வாத்து படாத செடி

நான் ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே என் கெட்ட பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். "அந்தம்மா காலை வெச்சா ஒரு செங்கல்லு வெக்க உடாதுங்க" என்று ஊட்டியிலிருந்து கோத்தகிரி வரைக்கும் கட்டடம் கட்டுகிறவர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. உண்மையில் நான் யாரையும் தடுப்பதில்லை. ஒரு நிலத்தில் கட்டுவதற்கு முன்னால் அதன் சரிவு எப்படி, மண் எப்படி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. என்ன செய்வது, என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதை. பொருந்தவில்லை என்று சொன்னால் கோபம் என் மேல் திரும்புகிறது. பழகிவிட்டது.

குந்தா பக்கத்திலிருந்து வந்த போன் மட்டும் அப்படிப் பழகினதாக இல்லை. அங்கே இருப்பது மின்சாரத்துக்காக எந்தக் காலத்திலோ அணை கட்டித் தேக்கிய தண்ணீர். ஆனால் பேச்சில் எல்லோருக்கும் அது ஏரிதான். அதன் கரையில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தின் கோடி மூலை. தோட்டம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. சமவெளியிலிருந்து கீழ்நாட்டுக்காரர் ஒருவர் அதை வாங்கி, தண்ணீரைப் பார்த்த மாதிரி காட்டேஜ்கள் கட்டப் போகிறார். பேசியது அவருடைய மேனேஜர். அவர் வழி சொல்லச் சொல்ல இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பிறந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, அந்தக் கரையில்தான் இருந்தது. என் அம்மா கொழுந்து பறித்த மலை அது.

அந்த மலையைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அம்மா சிலோன் தோட்டத்தில் பிறந்து, குமரியாக இருக்கும்போது கப்பலேறி இங்கே வந்தவள். அப்பாவும் அப்படித்தான். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, பேச்சு வருவதற்குள் இறந்துபோனான் என்பதும், அவனை அந்த ஏரிக்கரையில்தான் புதைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவும் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கேத்திக்கு வந்து, அம்மா கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். இன்றைக்கும் கேத்தியில் என்னோடுதான் இருக்கிறாள். மலை இறங்கின நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பிள்ளைகள் இறந்தால் கல் நட மாட்டார்கள், பெயர் எழுத மாட்டார்கள். புதைத்த இடத்தின் தலைமாட்டில் எந்தத் தேயிலைச் செடி நிற்கிறதோ, அதை அதற்குப் பிறகு கவ்வாத்து செய்ய மாட்டார்கள். கவ்வாத்து என்பது செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. வெட்டிக்கொண்டே இருந்தால்தான் தேயிலை இடுப்பளவில் நின்று கொழுந்து கொடுக்கும். விட்டுவிட்டால் அது பாட்டுக்கு மரமாகிவிடும். கவ்வாத்துக் கத்தியோடு வரிசையாக வருகிற ஆட்கள் அந்தச் செடி வந்ததும் ஒன்றும் பேசாமல் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்தவனும் கேட்க மாட்டான். மேற்பார்வை பார்க்கிறவர்களும் கண்டுகொள்வதில்லை. மலை முழுக்க ஒரே மட்டமாக இருக்க, அது மட்டும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகும்.

நான் அந்த இடத்துக்கு வேலையாகப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா மேரக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சரிவுல ஒரு தேயில மரம் நிக்கும் புள்ள. அத மட்டும் வெட்ட விட்றாத."

"எந்த இடத்துலம்மா? அடையாளம் சொல்லு."

"அடையாளம் என்னா அடையாளம். நட்டமா ஒசந்து நிக்கும். மலையில வேற என்னா ஒசந்து நிக்கப் போவுது? பாத்தா தெரிஞ்சிரும்."

"வெட்டிட்டா என்ன ஆகும்?"

"வெட்டக் கூடாது புள்ள. ஒன்கிட்ட நான் வேற ஒண்ணுமே கேக்கல" என்றாள். அம்மா யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவள். கூலியை உயர்த்திக் கேட்கப் போன பெண்களோடு கூடப் போய்விட்டு, அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றவள். அவள் குரல் அப்படி இறங்கிப் போனதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. அண்ணன் மரத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "ஒரு இலைகூட விழாது, போ" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஜீப் கடைசி வளைவு திரும்பியதும் கொடுத்த வாக்கு எத்தனை பெரியது என்று தெரிந்தது. அம்மா வாழ்நாள் முழுக்க வெட்டின செடிகளையே பார்த்தவள். ஆள் இல்லாத தேயிலைமலை எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோட்டம் மூடிய நாளிலிருந்து யாரும் கத்தி வைக்கவில்லை. அந்தச் சரிவில் இருந்த ஒவ்வொரு செடியும் மரமாகியிருந்தது. மேலே தார் ரோட்டிலிருந்து கீழே தண்ணீர் வரைக்கும் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு, தலைக்கு மேலே வளர்ந்து, அத்தனையும் நட்டமாக உயர்ந்து நின்றன.

உள்ளே நுழைந்தால் பகலிலேயே இருட்டு. வெளியே வெயில் அடிக்கும்போதும் அதற்குள் பனிமஞ்சு நின்றது. தேயிலை இத்தனை பூப்பூக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்டுகிற செடியில் பூ அதிகம் வராது. இங்கே வெள்ளையும் மஞ்சளுமாகக் கொட்டிக் கிடந்தது. அதன் வாசனையில் தலை வலித்தது. காலடியில் சருகு ஊறிப்போய்ச் சத்தமே எழவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. சுடுகாட்டுக்குப் பக்கத்திலும் குழி வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த மரங்களுக்கு நடுவில் நடக்கும்போது என்னையறியாமல் கால்களை மெதுவாக எடுத்து வைத்தேன். எங்கே மிதிக்கிறோம் என்று தெரியாமல் மிதிப்பது பெரிய வேதனை.

மேனேஜர் வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் ரோட்டோரம் நின்றிருந்தார். கோயமுத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காத மனிதர். வரைபடத்தை ஜீப்பின் பானெட்டில் விரித்துக் காட்டினார். தண்ணீரை ஒட்டி ஒரு வரிசை, அதற்கு மேலே சரிவில் ஒரு வரிசை, நடுவில் எல்லாவற்றிலும் பெரியதாக ஒரு காட்டேஜ். மரங்களை மொத்தமாக எடுத்துவிட்டு, புல் போட்டுவிடுவார்களாம்.

நான் முதலில் தண்ணீரோரம் இறங்கினேன். ஏரிக்கரையில் கட்டுகிறவர்கள் தண்ணீர் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் அதை ஒளித்து வைப்பதில்லை. கரைப்பாறையில் வெளுத்த கோடு தெரியும், அதற்குக் கீழே புல் வேறு நிறத்தில் இருக்கும், சுள்ளியும் பிளாஸ்டிக்கும் ஒரே மட்டத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கோடு அவர்களுடைய முதல் வரிசை காட்டேஜ்களின் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. இந்த வரிசை கிடையாது, கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி மேலேதான் எதுவும் வரலாம் என்று சொன்னேன்.

"ஏனுங்க மேடம், தண்ணி தெரியாத எடத்துல காட்டேஜ் கட்டறதுக்கு நாங்க கோயமுத்தூர்லயே கட்டிக்குவமுங்களே?"

"தண்ணி தெரியுங்க. கட்டிலுக்கு அடியிலயே தெரியும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மதியம் வரை விவாதித்தார். நானும் தொண்டை வறளக் கத்தினேன். கடைசியில் கீழ் வரிசையை யோசிக்கிறோம் என்று அரைமனதாகச் சொன்னார். ஆனால் நடுக் காட்டேஜை அசைக்கவே முடியாது, முதலாளி ஆசைப்பட்ட இடம் என்றார்.

இதற்கிடையில் நான் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். தேயிலை எத்தனை வருஷம் வெட்டுப்படாமல் நின்றது என்பதை அதன் அடியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வெட்டிப் பழகிய செடியில் முழங்கால் உயரத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும். கடைசி கவ்வாத்துக்குப் பிறகு அந்த முடிச்சிலிருந்து கிளம்பிய கிளைகள்தான் மரமாகி நிற்பவை. சரிவில் எதைத் தொட்டாலும் கிளை என் மணிக்கட்டுப் பருமன்தான் இருந்தது. தோட்டம் மூடியபின் வளர்ந்தவை. தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே மட்டும் சில மரங்கள் வேறு மாதிரி நின்றன. அடிமரம் இரண்டு கைக்கும் அடங்காமல், பட்டையெல்லாம் பாசி பிடித்து, மிகவும் வயதானவை. அண்ணனும் அவனோடு போன மற்றப் பிள்ளைகளும் அங்கேதான் இருக்க வேண்டும். கட்டடமே வர முடியாத இடம். படம் எடுக்கக் கொண்டுபோயிருந்த கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவற்றில் ஒன்றைக் கையால் தடவினேன். இது அவனுடையதா, பக்கத்து லயத்துப் பிள்ளையுடையதா, தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம்பினேன்.

அந்த நிம்மதியில்தான் கூலியாட்களை மேலே சோதனைக் குழி வெட்டச் சொன்னேன். கட்டடம் வருகிற இடத்தில் இடுப்பளவு குழி எடுத்து மண்ணைப் பார்ப்பது வழக்கம். நடுக் காட்டேஜுக்கு வெட்டின குழியில் நான்தான் இறங்கினேன். நீலகிரி மண்ணைப் பற்றி ஒரு விஷயம். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே செம்மஞ்சள் களிமண், நடுவில் ஒரு சுத்தமான கோடு. எந்தக் குழியிலும் அந்தக் கோடு இருக்கும். சோதனைக்கு மண் எடுக்கச் செதுக்கினால் இதில் ஒரு பக்கச் சுவரில் கோடு இல்லை. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்து, கட்டிகட்டியாக, கீழே வரைக்கும் போயிற்று. அது தானாக நடக்காது. யாரோ எப்போதோ தோண்டி, எடுத்த மண்ணையே போட்டு மூடியிருக்கிறார்கள். கலந்த மண்ணின் அகலத்தைப் பார்த்தேன். பெரிய ஆளுக்குத் தோண்டினது அல்ல அது.

குழிக்குள் நின்றபடியே தலைமாட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தேயிலை மரம். அடி என் தொடைப் பருமன். தண்ணீரோரத்து மரங்கள் அளவுக்குக் கிழடும் இல்லை, மற்றவை போல இளசும் இல்லை. அண்ணன் போனபிறகு, தோட்டம் மூடுவதற்கு வெகுகாலம் முன்னால், யாரோ ஒருவருக்காக விடப்பட்ட செடி. குழியை விட்டு எப்படி ஏறினேன் என்று தெரியாது. வெட்டினது போதும், நிறுத்துங்கள் என்று ஆட்களிடம் சொன்னேன். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் மரம் பத்திரமா இருக்கும்மா. தண்ணியோரம். அங்க யாரும் எதுவும் கட்ட முடியாது."

"அவனுக்கென்னா, அவன் கூட்டாளிகளோட இருக்கான்" என்றாள் அம்மா. "நான் அதச் சொல்லல. மேல ஒண்ணு தனியா நிக்குமே."

"மேல தனியால்லாம் எதுவும் இல்லம்மா. எல்லாமே ஒசந்து நிக்குது."

"எல்லாமேன்னா?"

"மலை முழுக்க."

அவளுக்குப் புரியவில்லை. "கவ்வாத்துக்கு ஆள் போவலையா?" என்று கேட்டாள். தோட்டமே இல்லை, யார் போவார்கள் என்றேன். பிறகு நான் குழியைப் பற்றிச் சொன்னேன். கலந்த மண்ணையும் அந்த நடுத்தர மரத்தையும் சொன்னேன்.

"தோண்டிட்டியா? நீயா எறங்கின?"

"நான்தான் எறங்குனேன். என் வேலைம்மா அது."

"நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள். மூட்டுவலி, குளிர், சறுக்கும் என்று எதைச் சொன்னாலும் கேட்கவில்லை. யாருடைய குழி என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இன்னொரு பிள்ளை பிறந்து இறந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குப் பிறகு ஒரு தம்பியோ தங்கையோ. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை மறைத்தாளே என்று ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அம்மாவைக் கைத்தாங்கலாக ஜீப்பிலிருந்து இறக்கினேன். அவள் சரிவைப் பார்த்தாள். நான் அவ்வளவு சொல்லியும் அவள் கண் நம்பவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு மரமாக, ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ புள்ள" என்றாள். "இம்புட்டுப் புள்ளைங்களா?"

அப்படி இல்லை என்று அவளுக்கு நான் விளக்கியிருக்கலாம். அவள் கண்ணால் அந்த மலையைப் பார்த்துவிட்ட பிறகு என்னால் அதை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை, இன்றைக்கு வரைக்கும். தார் ரோட்டிலிருந்து ஏரி வரைக்கும் சின்னச் சின்னக் குழிகள்; தலைமாட்டில் ஆளுக்கொரு மரம்.

முதலில் கீழே போக வேண்டும் என்றாள். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கிழட்டு மரங்களில் இரண்டாவதை எந்த யோசனையும் இல்லாமல் தொட்டு, "இவன்தான் ஒங்கண்ணன்" என்றாள். கொண்டுவந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அடியில் வைத்தாள். அழவில்லை. பழகின துக்கம். பிறகு மேலே பார்த்து நடந்தாள். அவளுக்கு மரம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாமே மாறிப்போயிருந்தும் கால் நேராக அந்தக் குழிக்கே கொண்டுபோனது.

குழியில் ராத்திரி ஊறின தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. மேனேஜர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் ஏதாவது புதுப் பிரச்சினை கிளப்பப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா இது?" என்றேன். "தம்பியா, தங்கச்சியா?"

"நீதான்" என்றாள்.

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், வேறு ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். நான் கைப்பிள்ளை. விடாத மழை. காய்ச்சலில் மூச்சு இழுத்துக்கொண்டது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது தங்காது, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனைப் புதைத்தபோதும் மழைதான். குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஏறி, அப்பா பிள்ளையைத் தண்ணீரில் வைக்க வேண்டியிருந்தது. அது அவருக்கு ஆறவே இல்லை. அதனால் மழை சற்று விட்ட நேரத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கரையோரம் முழுக்க ஏரி ஏறியிருந்தது. இந்தப் பிள்ளையாவது ஈரமில்லாமல் கிடக்கட்டும் என்று மேலே சரிவில் இடம் பார்த்து வெட்டி வைத்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் எனக்கு உயிர் இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் பால் குடித்தேன்.

"வெட்டின குழிய வெறுமன மூடக் கூடாதும்பாங்க" என்றாள் அம்மா. "அது காத்துக்கிட்டே கெடக்கும். அதுக்கு ஏதாச்சும் குடுத்தாவணும். ஒன் சட்டைய வச்சாரு ஒங்கப்பா. ஒன் அரணாக்கயித்த அறுத்து வச்சாரு. அதுவும் போதாதுன்னு, அப்ப ஒனக்கு வச்சிருந்த பேரச் சொல்லி, இந்தா உம் புள்ளன்னு மண்ணத் தள்ளுனாரு. ஊட்டுக்கு வந்து ஒனக்கு வேற பேரு வச்சோம். செடியையும் விட்டுட்டோம். வெட்டுனா, நாம ஏமாத்திட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சிரும்ல."

குழியைப் பார்த்தேன். நேற்று நான் அதற்குள் நின்றிருக்கிறேன். சட்டையும் கயிறும் எப்போதோ மண்ணாகியிருக்கும், ஆட்கள் வெட்டும்போது எதுவும் அகப்படவில்லை. எனக்கென்று வெட்டின குழியில் இறங்கி, பக்கச் சுவரைக் கத்தியால் செதுக்கி, பைக்குள் மண் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பை கேத்தியில் என் மேஜை மேல் இருந்தது. நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை. சேற்றில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். "இதையெல்லாம் மொதல்லயே சொல்லிப்போடோணுமுங்க மேடம்" என்றார் மெதுவாக. "குழிய மூடிப்போடலாமுங்க. இந்தக் காட்டேஜ் இங்க வேண்டாமுங்க, அந்தப் பக்கம் நவுத்திக்கலாம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறனுங்க. மரத்துமேல ஒருத்தனும் கை வெக்க மாட்டான்." முந்தின நாள் தண்ணீரைக் காட்டி, மண்ணைக் காட்டி, சட்டத்தைக் காட்டித் தொண்டை கிழியக் கத்தினேனே, அப்போது இந்தக் காட்டேஜை ஒரு அடி நகர்த்தச் சம்மதிக்காத மனிதர். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவர்களுக்கு ஏரி ஏறும் என்று சொன்னால் புரியாது, இது புரிகிறது. நன்றி என்றுகூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அறிக்கையில் அந்த இடத்துக்கு நேரே, ஏற்கெனவே தோண்டி மூடிய மண், அஸ்திவாரத்துக்கு ஏற்றதல்ல என்று பிறகு எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆட்கள் மண்ணைத் தள்ளப் போனார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். வெறுமனே மூடக் கூடாதே. என் தலையில் கட்டியிருந்த கம்பளித் துண்டைக் கேட்டாள். அவிழ்த்துக் கொடுத்தேன். அதைச் சுருட்டித் தண்ணீரில் போட்டாள். அது சற்று மிதந்து, நனைந்து, அடியில் போய்ப் படிந்தது.

"அந்தப் பேரு என்னம்மா?" என்றேன்.

"எது?"

"எனக்கு முதல்ல வச்ச பேரு."

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் கை முழுக்க மண். "கேக்காத. அது அதோடது. ஒனக்கு எதுக்கு அது? நீ மேல போ, ஜீப்புல இரு, நான் வாரேன்" என்றாள்.

நான் எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரம் போய் மரங்களுக்குப் பின்னால் நின்றேன். என்னைத் தேடி அம்மாவின் கண் வரவில்லை. ஆட்களும் மேனேஜரும் தள்ளிப் போயிருந்தார்கள். அவள் குழியின் பக்கம் குனிந்தாள். அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டாள் என்று உதடு அசைந்ததில் தெரிந்தது. என்ன பெயர் என்று என் காதில் விழவில்லை, குரல் மட்டும் விழுந்தது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கொஞ்சுகிற குரல். மேலே ஏறி, குழைந்து, செல்லமாக நீண்டது. சின்ன வயதிலிருந்து என்னை அதட்டியிருக்கிறாள், படிக்க வைத்திருக்கிறாள், எனக்காக முதுகு ஒடிய உழைத்திருக்கிறாள். அந்தக் குரலில் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.